பின்னால் நீட்டிய கைகள்

கோயம்புத்தூர்
17-2-1997

மகேஸ்வரனுக்கு,

சனிக்கிழமை உன் ‘வரலாறும் ஆவியும்: மாலை நடை’யில் நானும் இருந்தேன். பதினேழாம் எண் டிக்கெட். தாடியும் கண்ணாடியும் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, உனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. டிக்கெட் வாங்கியவன் முகத்தைப் பார்க்கிற வழக்கம் உனக்கு இல்லை என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன்.

அச்சக வேலையாக ஜங்ஷனுக்கு வந்திருந்தேன். லாட்ஜ் வாசலில் உன் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரு மண்டை ஓடு, அதன் கீழே உன் பெயர், பெயருக்குப் பின்னால் எம்.ஏ. கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாம் படித்த வரலாறு இப்படி முடியும் என்று நினைக்கவில்லை. வெள்ளைக்காரன் கல்லறைத் தோட்டம் எங்கள் ஊருக்கு ஒரு மைல் என்பதால் போய்ப் பார்ப்போம் என்று வந்தேன்.

உன் கூட்டம் நன்றாக இருந்தது. சென்னையிலிருந்து ஒரு வங்கி மேலாளர், அவர் குடும்பம், இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள், பட்டுச் சேலையில் நாலைந்து உள்ளூர்ப் பெண்கள். வாசலில் ஒரு அம்மாள் பேய் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். நீ சிரிக்காமல் பதில் சொன்னாய். அந்தத் திறமையை மெச்சுகிறேன்.

இரண்டாவது கல்லறையில் கலெக்டர் மனைவி ஷார்லட்டின் கதையைச் சொன்னாய். பத்தொன்பது வயதில் காதலனுக்காகக் கிணற்றில் விழுந்தாள், இன்றும் வெள்ளை உடுப்பில் விளக்கோடு அலைகிறாள் என்றாய். நீ நகர்ந்த பிறகு அந்தக் கல்லைத் துடைத்துப் படித்தேன். அறுபத்தொரு வயது, காய்ச்சல், ஏழு பிள்ளைகள். ஏழு பெற்று அறுபத்தொன்றில் செத்த கிழவியைக் குமரியாக்கி அலையவிட்டிருக்கிறாய். மேற்கு மதில் ஓரம் காலராவில் செத்த கூலிகளை மொத்தமாகப் புதைத்த இடம். அங்கே கல் கிடையாது. அந்த இடத்தில் பெஞ்சு போட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தாய். கூலி செத்தால் பேயாகக்கூட ஆகமாட்டான் போலிருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். கடைசியாகக் கேப்டன் கல்லறை. சுருட்டும் சாராயமும் படைத்து வைத்திருந்தாய். இனி ஓர் அசல் கிராமத்து தெய்வ ஆட்டம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தாய். கல்லறைக்குப் பின்னாலிருந்து என் அப்பா வந்தார்.

நாற்பது வருஷம் எங்கள் ஊர்ச் சுடலைமாட சாமிக்கு ஆடிய பூதத்தான். அந்தச் சாமியின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். தோட்டத்தில் புல் வெட்டப் போகிறார் என்று அம்மா எழுதியிருந்தாள். இதை எழுதவில்லை. இடுப்பில் அரைக்கால் சல்லடம், சலங்கையெல்லாம் பளபளவென்று புதுசு, வண்ணார்பேட்டை தையல்கடையில் பேண்டு வாத்தியக்காரனுக்குத் தைத்த மாதிரி. சாமியின் அசல் உடுப்பைக் கொண்டுவர அவருக்கே மனசு வரவில்லை போல. அந்த மட்டுக்கும் நிம்மதி.

மூன்று தடவை கொட்டாவி விட்டார். அருள் வருவதற்கு முன்னால் ஊரில் விடுவாரே, தாடை கழன்றுவிடும்போல, அதே கொட்டாவி. அதையும் உனக்காக நடித்துக் காட்டினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் நீட்டினார்.

அது என்னவென்று உனக்குத் தெரியாது. எங்கள் கோயிலில் சாமியாடி தானாகக் குல்லாயை எடுத்துப் போடக் கூடாது. அவருக்குப் பின் ஆடப்போகிற மகன் எடுத்துக் கொடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து கொடுத்துவந்தவன் நான். உன் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வங்கி மேலாளர் முன்னால் போய் அந்தக் கைகளில் தன் டார்ச் லைட்டை வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைக்காரி படம் பிடித்தாள். அப்பா டார்ச்சைப் பையக் கீழே வைத்துவிட்டு, கல்லறை மேலிருந்த குல்லாயைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு ஆடினார்.

ஆழ்வார்குறிச்சியில் உன் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் இருந்த காலத்தில் எங்கள் ஆட்களின் முதுகு உங்களுக்குத் தேவைப்பட்டது. நிலம் போனது, இப்போது சாமி தேவைப்படுகிறது. மதுரையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். உன் பெயரையும் போட்டிருக்கிறேன். எம்.ஏ.வுடன்.

சுடலைமணி


வண்ணார்பேட்டை
22-2-1997

அன்புள்ள சுடலைமணி,

நீ எழுதாவிட்டாலும் நான் ‘அன்புள்ள’ என்று எழுதுகிறேன். வியாபாரியின் மரியாதை என்று வைத்துக்கொள்.

உன்னை நான் பார்த்தேன். வாசலிலேயே பார்த்தேன். தாடி வைத்தால் ஆள் மாறிவிடுகிறது என்பது நாடகக்காரர்களின் நம்பிக்கை. நீ ஒரு பக்கத் தோளைச் சாய்த்து நிற்பதை மூன்று வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். நீயாக வந்து பேசுவாய் என்று ஒவ்வொரு கல்லறையிலும் கொஞ்சம் கூடுதலாக நின்றேன். ஷார்லட் கதை அன்றைக்கு அவ்வளவு நீண்டதற்கு அதுதான் காரணம். அவளுக்கு அறுபத்தொரு வயது என்று எனக்கும் தெரியும். அந்தக் கல்லை முதன்முதலில் தேய்த்துக் கழுவிப் படித்தவனே நான்தான். கல்லில் உள்ளதைச் சொன்ன முதல் மாதம் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

கூலிகளைப் பற்றி நீ எழுதியது சரி. டீ பெஞ்சை மாற்றிவிட்டேன்.

மற்றதற்கு வருகிறேன். உன் அப்பாவை நான் கூப்பிடவில்லை. அவர் நாலு சனிக்கிழமை புல் வெட்டிக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டிருக்கிறார். ஐந்தாவது சனிக்கிழமை கூட்டம் போன பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார். “தம்பி, நீங்க சொல்லுத பேயெல்லாம் பொய்யி. இந்த எடத்துல நான் ஒருக்க ஆடிக்கிடட்டா?” என்று கேட்டார். காசு வேண்டாம் என்றார். உடுப்பு மட்டும் தைத்துத் தரச் சொன்னார். நான் தைத்துக் கொடுத்தேன். இதைச் சொல்வதால் நான் யோக்கியன் என்று ஆகாது. அவர் வந்த பிறகு கூட்டம் இரண்டு மடங்கு ஆனது, அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாமி இல்லை என்பவன் நீ. இல்லாத ஒன்றை நான் எப்படி விற்க முடியும்? உன் கோபத்தில் நியாயம் எங்கே நிற்கிறது, வெட்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்று நீயே பிரித்துப் பார். நாற்பது நிமிஷ நடைத் தூரத்தில் சொந்த ஊர் இருக்க, லாட்ஜில் படுத்து, அம்மாவைப் பார்க்காமல் பஸ் ஏறியவன் நீ.

இன்னொன்று. அவர் கைகளைப் பின்னால் நீட்டியது எதற்கென்று எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் உன் இரண்டு கைகளும் பேண்ட் பைக்குள் போனதை நான் பார்த்தேன்.

பத்திரிகைக்கு எழுதியதைத் திரும்ப வாங்கு. என் பெயருக்காகச் சொல்லவில்லை. உடனே தந்தி கொடு. எதற்கென்று சொல்ல உன் அப்பா விடவில்லை, அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மகேஸ்வரன்


கோயம்புத்தூர்
28-2-1997

மகேஸ்வரனுக்கு,

கட்டுரை வந்துவிட்டது. ஒரு பிரதி இத்துடன். தலைப்பை மட்டும் அவர்கள் மாற்றிவிட்டார்கள்: ‘கல்லறையில் ஆடும் சுடலைமாடன்’. அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கின்றன. உண்மையை எழுதும்போது பெயரை மறைப்பது கோழைத்தனம்.

தந்தி கொடு என்கிறாய், வாக்கு என்கிறாய். உன் பேய்க் கதைகளிலும் இதே உத்திதான், முக்கியமான இடத்தில் விளக்கைத் தணித்துவிடுவது.

என் கைகள் பைக்குள் போனதென்றால் அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கோயில் பெரியவர் வன்னியராஜ் அண்ணாச்சிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அப்பாவுக்குப் பிறகு நான் ஆடமாட்டேன், குல்லாயைத் தொடமாட்டேன், கிடா வெட்டுகிற இடத்தில் எனக்கு வேலை இல்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இரண்டு பக்கம். இதுவரை நான் எழுதியதில் சுத்தமான எழுத்து அதுதான். எங்கள் ஆட்களைச் சாராயத்திலும் சாமியிலும் போட்டு வைத்திருந்தால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு வசதி. அதிலிருந்து ஒருவன் வெளியே வந்தான் என்றால் அது நான்.

அப்பா ஊரில் ஆடட்டும். அது அவர் வயது, அவர் பழக்கம். சித்திரையில் கொடைத் திருவிழா வரும், ஊரார் முன்னால் மரியாதையோடு ஆடுவார். எனக்கு ஆட்சேபம் இல்லை. டார்ச் லைட் வைக்கிறவன் முன்னால் ஆட வேண்டாம் என்பதுதான் என் ஆட்சேபம்.

சுடலைமணி


வண்ணார்பேட்டை
9-3-1997

சுடலைமணி,

வாக்கை உடைக்கிறேன். இனி மறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

சித்திரையில் உன் அப்பா ஆடுவார் என்று எழுதியிருக்கிறாய். அவர் ஊரில் ஆடி மூன்று வருஷம் ஆகிறது. உன் இரண்டு பக்கக் கடிதம் கொடைப் பந்தலுக்குக் கால்நாட்டுகிற அன்று போய்ச் சேர்ந்திருக்கிறது. வன்னியராஜ் அதைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். குல்லாய் எடுத்துத் தர வாரிசு இல்லாதவன் எப்படி ஆட முடியும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அப்புறம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சல்லடம், குல்லாய், வல்லய ஈட்டி எல்லாம் உன் வீட்டிலிருந்து உன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டன. இப்போது ஆடுகிறவர் சித்தப்பா. எடுத்துக் கொடுப்பது அவர் மகன். சுத்தமான எழுத்து என்றாய். சுத்தமாகத்தான் துடைத்திருக்கிறது.

அதனால்தான் புதுச் சலங்கை. நீ நினைத்த மாதிரி அசல் உடுப்பை அவர் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வரவில்லை. அவரிடம் இருந்தது உடம்பு ஒன்றுதான். நாற்பது வருஷம் பழகிய உடம்பு செவ்வாயும் வெள்ளியும் தானாகக் கொட்டாவி விடுகிறதாம், இருந்த இடத்தில் உட்கார முடியவில்லையாம். ஊர் எல்லைக்குள் ஆடக் கூடாது என்பதால் இங்கே வந்தார். கொட்டாவியை நடித்தார் என்று எழுதினாயே, கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை நடித்துப் பார்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர்தான் உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். “படிச்ச பய. மனசு கிடந்து அடிச்சுக்கிடும்” என்றாராம்.

இந்த வருஷம் அவரைத் திரும்ப ஆடவிடலாம் என்று ஊரில் பேச்சு இருந்தது. சித்தப்பாவுக்கு மூட்டுவலி, அவரே இறங்கி வந்திருந்தார். உன் கட்டுரை வந்த மறுநாள் அது முடிந்தது. சாமியைக் கிறிஸ்தவ வேதக்காரர் கல்லறையில் ஆட்டி வைத்தவன் கொடை முடிகிற வரை கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று தீர்த்துவிட்டார்கள். இங்கே கல்லறைத் தோட்டத்தின் சாவி வைத்திருக்கும் எலியேசர் ஐயாவுக்கும் மேலேயிருந்து கேள்வி வந்தது. நடை நின்றுவிட்டது. அதற்காக நான் அழவில்லை. ஷார்லட் இனி நிம்மதியாக அறுபத்தொரு வயதில் கிடப்பாள்.

கட்டுரையை உன் அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். வேறு யாராவது படித்துக் காட்டுவதற்கு முன்னால் நானே செய்வது நல்லது என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டார். “நல்லாத்தாம் எழுதியிருக்கான்” என்றார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

“பேரு அச்சுல வந்திருக்குல்லா. இருக்கட்டும்.”

மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு புல் வெட்டப் போய்விட்டார். சொன்னது உன் பெயரையா, அவர் பெயரையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மகேஸ்வரன்


கோயம்புத்தூர்
2-4-1997

மகேஸ்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

வன்னியராஜ் அண்ணாச்சிக்கு எழுதியிருந்தேன். நான் வந்து குல்லாய் எடுத்துக் கொடுத்தால் அப்பாவை ஆடவிடுவீர்களா என்று கேட்டேன். நேற்று பதில் கார்டு வந்தது. ஒரே வரி: ‘உமக்கு எழுத்துதானே வரும், அதையே செய்யும் வே.’ இப்படி ஒரு வரியை நான் ஒரு நாளும் எழுதியதில்லை.

உன்னைப் பற்றி எழுதியதில் ஒரு வார்த்தையையும் திரும்ப வாங்கவில்லை. அவர் ஆட்டத்தை வைத்து நீ கூட்டம் சேர்த்தாய். அதை நீயே சொல்லிவிட்டதால் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் டார்ச் லைட்டை வைத்த அந்த வங்கிக்காரனை எவ்வளவு கேவலமாக நினைத்தேன் தெரியுமா? அவனாவது கை நீட்டியவருக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தான்.

கொடை என்றைக்கு என்று எழுது. சும்மா கேட்கிறேன்.

சுடலைமணி


வண்ணார்பேட்டை
27-4-1997

அன்புள்ள சுடலைமணி,

கொடை சித்திரை இரண்டாவது வெள்ளி என்று கார்டு போட்டிருந்தேன். நீ வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. என்ன நடந்தது என்று நீ கேட்க மாட்டாய், நானே எழுதுகிறேன்.

மத்தியானக் கொடைக்கு மேளம் முழங்க ஆரம்பித்ததும் உன் அப்பா கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். ஊரில் அந்த நேரத்தில் இருக்க முடியாதில்லையா. நான் அங்கே இருப்பேன் என்று அவருக்குத் தெரியாது. நடை நின்ற பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், மேற்கு மதில் ஓரம் செத்தவர்களில் யார் பெயராவது பழைய பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுகிறேன். இதுவரை பதினொரு பெயர் கிடைத்திருக்கிறது. மெச்ச வேண்டாம், உனக்குப் பதில் சொல்ல முடியாமல் போன எரிச்சலில் ஆரம்பித்தது.

எலியேசர் ஐயா கதவைத் திறந்துவிட்டு, புளியமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பார்த்தால்தானே மேலே பதில் சொல்ல வேண்டும் என்றார்.

வயலுக்கு அப்பாலிருந்து மேளம் நன்றாகக் கேட்டது. உன் அப்பா வண்ணார்பேட்டை சல்லடத்தைக் கட்டிக்கொண்டு கேப்டன் கல்லறைக்கு முன்னால் நிற்கவில்லை. மேற்கு மதில் பக்கம் போனார், கல் இல்லாத இடத்துக்கு. கொட்டாவி வந்தது. கைகளைப் பின்னால் நீட்டினார்.

அங்கே நான் ஒருவன்தான். எனக்கு அதில் உரிமை இல்லை என்று தெரியும். இந்த மாதிரிக் கோயில்களில் என் வீட்டு ஆட்கள் மாலை வாங்கிக்கொண்டு போவார்களே தவிர இந்த வேலையைச் செய்ததில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். கைகள் அப்படியே இருந்தன. குல்லாயை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். யார் கொடுத்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. மேளம் ஓய்கிற வரை ஆடினார். வெயிலில் தரை கொதித்தது, வெறுங்கால்.

ஆடி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது, “தம்பியா எடுத்துத் தந்தது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்தத் தம்பியைக் கேட்டார், என்னையா உன்னையா என்று தெரியாமலே ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்பது சைக்கிளில் வரும்போதுதான் உறைத்தது.

மகேஸ்வரன்


கோயம்புத்தூர்
30-4-1997

அன்புள்ள மகேஸ்,

வெள்ளிக்கிழமை நான் வந்திருந்தேன்.

கோயிலுக்குப் போனேன். வன்னியராஜ் அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்னலே, எழுதுததுக்கு வந்தியோ?” என்றார். அம்மா பந்தலுக்கு வெளியே, பொங்கல் பானை வைக்காமல் தனியாக நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டு அழுவாள் என்று பயந்தேன். “ஒங்கப்பா அங்கன போயிருக்காவ” என்று கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினாள், அவ்வளவுதான்.

மேற்கு மதில் ஓரிடத்தில் இடிந்திருக்கிறதே, அதற்கு வெளியே நின்றேன். வாசலிலேயே என்னைக் கண்டுபிடிக்கிற ஆள் நீ, இந்தத் தடவை பார்க்கவில்லை. அப்பா கை நீட்டியபோது எனக்கும் அவருக்கும் நடுவே பத்தடி இருக்கும். மதில் இடுப்பளவு உயரம்கூட இல்லை. நீ கொஞ்ச நேரம் பொறுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். நீட்டிய அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு, நான் நம்பாத ஒன்றை எப்படிச் செய்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது நீ எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

சாமி இல்லை என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. அப்பாவின் கை இருக்கிறது.

தம்பியா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னது பொய். ஷார்லட்டைப் போலத்தான், கேட்கிறவருக்குப் பிடித்ததைச் சொல்கிறாய். உன்னை மாற்ற முடியாது. அவரிடம் உண்மையை நான் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். லாட்ஜுக்குப் போகமாட்டேன்.

இன்னொரு விஷயம். குல்லாயை ஒற்றைக் கையால், பஸ்ஸில் சில்லறை நீட்டுகிற மாதிரி நீட்டினாய். அப்படிக் கொடுக்கக் கூடாது. வலது கால் முன்னால் இருக்க வேண்டும், இரண்டு கையிலும் ஏந்தி, அவர் உள்ளங்கையில் படுகிற வரை விடக் கூடாது. அடுத்த தடவை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

சுடலைமணி